அதப் மாஃபி

1. வரலாறு வந்து சேர்ந்தது

இளவரசன் முதல் நாள் டூட்டிக்கு வந்தபோது முழுக்கைச் சட்டையைக் கழுத்துப் பட்டன் வரைக்கும் போட்டிருந்தான். வெளியே பஹ்ரைன் வெயில் கொளுத்துகிறது, இவன் என்னவோ கல்யாண வீட்டில் சந்தனம் கொடுக்க நிற்கிற பையன் மாதிரி நிற்கிறான். மேனேஜர் சுந்தர் சார் அவனை என் மேசைக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"வசந்தாக்கா, ஹெட் ஆபீஸ்ல எடுத்து அனுப்பின ஆளு. நான் டிப்ளமோ பையன் கேட்டிருந்தேன், இவர் வந்திருக்காரு. தம்பி, என்ன படிச்சிருக்கீங்கன்னு நீங்களே சொல்லுங்க."

"பி.ஏ. ஹிஸ்டரி, சார். கவர்ன்மெண்ட் ஆர்ட்ஸ் காலேஜ்."

ஏ.சி. டெக்னீஷியன் முருகேசன் டீ கிளாஸோடு அந்தப் பக்கம் போனவர் அப்படியே நின்றுவிட்டார். "ஆர்ட்ஸ் காலேஜா? அப்ப வாரத்துக்கு எத்தன நாள் டூட்டி, எத்தன நாள் ஸ்ட்ரைக்குன்னு இப்பவே பேசிக்குவோம் தம்பி."

ஆபீஸே சிரித்தது. நானும் சிரித்தேன். அவனும் சிரித்தான். அவன்தான் கடைசி வரைக்கும் சிரிப்பை நிறுத்தத் தெரியாமல் நின்றான்.

எங்களுடையது மெயின்டனன்ஸ் கம்பெனி. ஏ.சி. ஓடவில்லை, தண்ணீர் ஏறவில்லை, கதவு பூட்டிக்கொண்டது என்று வீடுகளிலிருந்து போன் வரும். அதை எடுத்து, டிக்கெட் போட்டு, டெக்னீஷியனை அனுப்பி, வேலை முடிந்ததும் டிக்கெட்டை க்ளோஸ் பண்ண வேண்டும். இதுதான் கால் டெஸ்க். அதில் நான் சீனியர். படிப்பு பத்தாம் வகுப்பு. இதே ஆபீஸில் டீ போடும் வேலைக்கு வந்தவள்தான். போன் எடுக்கிற பிலிப்பினோப் பெண் லஞ்சுக்குப் போகும்போது எடுத்து எடுத்துப் பழகி, அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தது அந்தப் பெண். ஹிந்தி சொல்லிக்கொடுத்தது டிரைவர்கள். அரபி சொல்லிக்கொடுத்தது கோபப்பட்ட கஸ்டமர்கள். அதனால் என் அரபியில் நல்ல வார்த்தை குறைச்சல். மோயா மாஃபி என்றால் தண்ணீர் இல்லை. கஹ்ரபா மாஃபி என்றால் கரண்ட் இல்லை. டெக்னீஷியன் சொன்ன நேரத்துக்குப் போகாவிட்டால் வருகிற திட்டு, அதப் மாஃபி. மரியாதை இல்லை, வளர்ப்பு சரியில்லை என்று அர்த்தம். அதை நான் எத்தனை பேரிடம் வாங்கியிருக்கிறேன் என்பதற்குக் கணக்கே கிடையாது.

ஆனால் எனக்கு ஜனங்கள் பேசுகிற பேச்சு பிடிக்கும். ஒரு எகிப்துக்காரர் போன் எடுத்ததும் சொல்வார்: "என் ஏ.சி. என் மாமியார் மாதிரி. சத்தம் உண்டு, குளிர்ச்சி கிடையாது." ரிஃபாவில் உம் காலித் என்று ஒரு வயதான அம்மா. எங்கள் பழைய கஸ்டமர். காலிதின் அம்மா என்று அர்த்தம், அவர்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஏ.சி. நின்றுபோனால் அவர் சொல்வது: "வசந்தா, வீட்டுக்குள் நான் ரொட்டி. வெந்துகொண்டிருக்கிறேன்." இந்த மாதிரி பேச்சைக் கேட்கத்தான் நான் காலையில் பஸ் பிடித்து வருகிறேன் என்றுகூடச் சொல்லலாம்.

2. டென்த் அக்கா

இளவரசன் வருவதற்கு முன்னால் அந்த ஆபீஸில் கீழ்ப்படி நான்தான். யாரும் முகத்துக்கு நேராக அவமரியாதையாகப் பேசிவிட மாட்டார்கள். ஆனால் ஒரு டிக்கெட்டில் வில்லா நம்பர் மாறிப்போனால், "டென்த் அக்கா போட்டதா?" என்று ஒரு குரல் வரும். எஞ்சினியர் பையன் ஒருத்தன் நம்பரை மாற்றிப் போட்டால் அது சிஸ்டம் மிஸ்டேக். நான் போட்டால் டென்த்.

இவன் வந்ததும் அது நின்றுபோனது. எப்போது நின்றது என்றுகூட நான் கவனிக்கவில்லை. ஒருநாள் நான் ஒரு டிக்கெட்டைத் தப்பான டெக்னீஷியனுக்கு அனுப்பிவிட்டேன். சுந்தர் சார் கேபினை விட்டு எட்டிப்பார்த்து, "இளவரசா! இது உன் வேலையா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் முருகேசன், "வேற யாரு சார், நம்ம வரலாறுதான்" என்றார்.

வரலாறு. அதுதான் பட்டப்பெயர். "வரலாறு, அந்த ஏ.சி. எந்த நூற்றாண்டுல கெட்டுப்போச்சுன்னு கேட்டு எழுது." "வரலாறு, காலேஜ் போற பஸ்ல உள்ள ஏறியிருக்கியா, இல்ல மூணு வருஷமும் ஃபுட்போர்டுதானா?" "வரலாறு, எத்தன பொண்ணுங்களுக்குக் கவிதை எழுதின?" ஒரு நாள் பதினைந்து நிமிஷம் லேட்டாக வந்தான், ஆட்கள் தங்குகிற கேம்பிலிருந்து வரும் வேன் பஞ்சர். கேம்ப் ஆட்கள் எல்லோரும் அதே வேனில் அதே லேட்டில்தான் வந்தார்கள். அவனுக்கு மட்டும், "ஆர்ட்ஸ் காலேஜ் பழக்கம் போகுமா?"

அவன் ஒன்றும் பெரிய கெட்டிக்காரன் இல்லை. மந்தமும் இல்லை. எல்லோரையும் போல நாலு டிக்கெட் ஒழுங்காகப் போடுவான், ஒன்றில் கோட்டை விடுவான். கவிதையெல்லாம் எழுதத் தெரியாது, நான் கேட்டுப் பார்த்தேன். "ஹிஸ்டரி ஏன் எடுத்தேன்னா, அதுலதான்கா சீட் இருந்துச்சு. அப்புறம் புடிச்சுப்போச்சு" என்றான். அவ்வளவுதான் அவன் கதை.

எனக்கு அந்த நாட்கள் நிம்மதியாக இருந்தன. எனக்குக் கீழே ஒருத்தன் வந்துவிட்டான். என் டிபனை அவனோடு பகிர்ந்து சாப்பிடுவேன், அம்மாவுக்குப் போன் போட்டாயா என்று கேட்பேன், ஊறுகாய் கொண்டுவந்து கொடுப்பேன். வரலாறு என்று அவர்கள் கூப்பிட்டால் சிரிக்கவும் செய்வேன். இரண்டையும் ஒரே ஆள்தான் செய்தேன்.

3. கதவு பூட்டியிருந்தது

ஆகஸ்ட் மாதம் உம் காலித் போன் பண்ணினார். ஏ.சி. நின்றுவிட்டது, ரொட்டி வேகிறது. டிக்கெட்டை இளவரசன் போட்டான். முருகேசனுக்குப் போனது. மத்தியானம் முருகேசன் போனில் வந்தார். இரண்டு பேர் ஹெட்போனிலும் கேட்கிற லைன் அது.

"கஸ்டமர் இல்லப்பா. கதவு பூட்டியிருக்கு. பெல் அடிச்சுப் பாத்தாச்சு. நாட் அவைலபிள்னு போட்டு க்ளோஸ் பண்ணிரு."

இளவரசன் அப்படியே போட்டான். எனக்கும் அந்தக் குரல் கேட்டது. அதற்குப் பின்னால் இன்னொரு குரலும் கேட்டது: "ஏக் கரக்! தோ பராட்டா!" கரக் டீக்கு ஆர்டர் கத்துகிற குரல். காலமெல்லாம் போனையே கேட்டுக்கொண்டிருக்கிற காது என்னுடையது. யார் வீட்டு வாசலில் நிற்கிறார், யார் கஃபத்தீரியாவில் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரியாதா? முருகேசன் ரிஃபாவுக்கே போகவில்லை.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வெயிலில் யாருக்குத்தான் போகத் தோன்றும், சாயங்காலம் போவார் என்று நினைத்தேன். டிக்கெட் க்ளோஸ் ஆகிவிட்டதால் அவருக்குப் போகவேண்டிய அவசியமே இல்லாமல் போனது.

மறுநாள் உம் காலித்தின் மகனே நேராக ஹெட் ஆபீஸுக்குப் போன் பண்ணிவிட்டார். அம்மா நேற்றுப் பகல் முழுக்க வீட்டை விட்டு அசையவே இல்லை, யாரும் வரவும் இல்லை, ராத்திரி பக்கத்து வீட்டில் போய்ப் படுத்திருக்கிறார், எங்கள் குடும்பத்து வில்லாக்கள் அத்தனைக்கும் கான்ட்ராக்ட் கேன்சல் என்று. சுந்தர் சார் வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"க்ளோஸ் பண்ணினது யாரு?"

"நான்தான் சார். முருகேசண்ணன் சொன்னதத்தான் போட்டேன்."

"சொன்னதப் போடறதுக்கு நீ எதுக்கு? கஸ்டமருக்கு ஒரு போன் போட்டுக் கன்ஃபர்ம் பண்ணினியா?"

"இல்ல சார்."

"பண்ணல. ரூல் தெரியுமா? தெரியும். ஆனா பண்ணல. இதுக்குத்தான் டெக்னிக்கல் ஆளு கேட்டேன். ஆர்ட்ஸ் காலேஜ்ல மூணு வருஷம் மரத்தடியில உக்காந்துட்டு வந்தா இப்படித்தான் இருக்கும்."

போன் போட்டுக் கேட்டிருக்க வேண்டும், அது சரிதான். எங்களில் யாருமே போட்டுக் கேட்பதில்லை, அதுவும் சரிதான். முருகேசன் கையைக் கட்டிக்கொண்டு, "நான் பெல் அடிச்சேன் சார், அந்தம்மாவுக்குக் காது கேக்கலையோ என்னவோ" என்றார். எல்லோரும் இளவரசனைப் பார்த்தார்கள். நானும் அவனையே பார்த்தேன். அவனைப் பார்த்தால் முருகேசனைப் பார்க்க வேண்டாம் அல்லவா.

அவன் புரொபேஷன் அந்த மாதத்தோடு முடிகிறது. சுந்தர் சார் அதைத்தான் கையில் எடுத்தார். "வாங்க, அந்தம்மாகிட்ட நேர்ல போய் மன்னிப்புக் கேப்போம். இந்தப் பையன்தான் பண்ணினான், இவனை ஊருக்கு அனுப்பறோம்னு சொல்லுவோம். வசந்தாக்கா, நீங்க அரபில எடுத்துச் சொல்லணும்." வேனில் போகும்போது இளவரசன் என்னிடம் ஒரே ஒரு தடவை பேசினான். "ஹிஸ்டரி படிச்சு என்னத்தக் கிழிக்கப்போறன்னு ஊர்ல கேட்டாங்கக்கா. இப்பத் திரும்பிப் போனா, சொன்னோம்ல, அப்படிம்பாங்க."

4. ஆதாப்

உம் காலித் வீட்டில் அதற்குள் வேறு டெக்னீஷியன் வந்து ஏ.சி.யைச் சரிபண்ணியிருந்தார். மஜ்லிஸ் என்கிற வரவேற்பறை ஜில்லென்று இருந்தது. அந்த அம்மா சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கடைசி மகள் நூரா காபிக் கூஜாவோடு வந்தாள்.

அரபுக் காபி சின்னக் கிண்ணத்தில் வரும். போதும் என்றால் கிண்ணத்தை லேசாக ஆட்டிக் கொடுக்க வேண்டும். ஆட்டாவிட்டால் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். சுந்தர் சாருக்கும் எனக்கும் அது தெரியும். இளவரசனுக்குத் தெரியாது. அவள் ஊற்ற ஊற்றக் குடித்தான். அந்தக் கசப்பு அவனுக்குப் பிடிக்கவில்லை என்று முகமே சொன்னது. வேண்டாம் என்று ஒரு பெரியவர் வீட்டில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மறுபடி மறுபடி வலது கையை நீட்டினான்.

சுந்தர் சார் இங்கிலீஷில் ஆரம்பித்தார். பையன் புதுசு, தப்பு அவனுடையது, வெரி சாரி. "ஹீ இஸ் ஃப்ரம் ஆர்ட்ஸ் காலேஜ், மேடம்" என்றார், அதிலேயே எல்லாம் அடங்கிவிட்ட மாதிரி. அப்போது அவர் போன் அடித்தது. ஹெட் ஆபீஸ். "சொல்லிட்டு இருங்கக்கா" என்று வெளியே போனார்.

உம் காலித்துக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும். "ஆர்ட்ஸ்?" என்று தனக்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு பையனைக் காட்டி என்னிடம் கேட்டார்: "ஆதாப்?"

அவர் நீட்டித்தான் கேட்டார். என் காதில் குட்டையாக விழுந்தது. அதப். எனக்குத் தெரிந்த அதப் ஒன்றுதான். இந்தப் பையனுக்கு மரியாதை இல்லையா என்று கேட்கிறார், ஒத்துக்கொண்டால் கோபம் தணியும் என்று தோன்றியது.

"ஐவா மாமா," என்றேன். இங்கே வயதான பெண்களை மாமா என்றுதான் கூப்பிடுவோம், அம்மா மாதிரி. "அதப் மாஃபி. வாஜித் மாஃபி." ஆமாம் மாமா, மரியாதை இல்லை, கொஞ்சமும் இல்லை.

இளவரசன் என்னைப் பார்த்து நன்றியோடு தலையாட்டினான். அவனுக்கு அரபி ஒரு எழுத்து தெரியாது. அவனுக்காக நான் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டான்.

உம் காலித் முகம் மாறியது. கோபம் அவன் பக்கம் போகும் என்று பார்த்தால் என் பக்கம் வந்தது. மகளிடம் வேகமாக ஏதோ சொன்னார். நூராவுக்கு வீட்டு டிரைவரிடம் கற்ற ஹிந்தி உண்டு. "ஆன்ட்டி, தும் க்யா போலா?", நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று ஆரம்பித்து, எனக்குப் புரிகிற மாதிரி எடுத்துச் சொன்னாள். இளவரசனுக்கு ஹிந்தியும் தெரியாது. அதனால் அந்த அறையில் அது எனக்கு மட்டும் கிடைத்தது.

நூரா சொன்னது இதுதான்: அம்மா கேட்டது, இந்தப் பையன் ஆதாப் கல்லூரியா என்று. ஆதாப் என்றால் மொழி, வரலாறு, கதை, கவிதை படிக்கிற படிப்பு. எங்கள் யூனிவர்சிட்டியில் ஆர்ட்ஸுக்கு அதுதான் பெயர். அதப் என்றால் மரியாதை. இரண்டும் ஒரே வார்த்தையிலிருந்து வந்தது. அம்மாவும் ஆதாப் படித்தவர்தான், காலமெல்லாம் ஸ்கூல் டீச்சர். அவருடைய அண்ணன்கள் டாக்டருக்கும் எஞ்சினியருக்கும் போனார்கள். இவர் ஆதாப் என்றதும் சொந்தக்காரர்கள், மாப்பிள்ளை வருகிற வரைக்கும் பொழுது போக வேண்டாமா, படிக்கட்டும் என்றார்களாம். அதனால் ஆசையாகக் கேட்டார். நீங்கள் இவனுக்கு மரியாதையே கிடையாது என்கிறீர்கள்.

நூரா கொஞ்சம் நிறுத்தி, அம்மாவைக் கேட்டு, மிச்சத்தையும் சொன்னாள். "மரியாதை தெரியாத பையனா, வேண்டாம் என்று சொல்ல மனசு வராமல் இவ்வளவு காபி குடிக்கிறான் என்று கேட்கிறார்."

அவன் கையில் கிண்ணம் மறுபடி நிறைந்திருந்தது. அந்த அம்மா கண்ணை எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், திட்டுக்குப் பதில் சொல்ல எனக்கு அரபி உண்டு. இதற்குப் பதில் சொல்ல இல்லை.

இருந்த வார்த்தையை வைத்துச் சொன்னேன். "மாமா, டெக்னீஷியன் மாஃபி ஈஜி." டெக்னீஷியன் வரவே இல்லை. "ஹாதா வலத் மாஃபி முஷ்கில்." இந்தப் பையன்மேல் தப்பில்லை. கஃபத்தீரியா, கரக் என்று கையால் டீ குடித்துக் காட்டினேன். அந்த அம்மாவுக்குப் புரிந்தது.

சுந்தர் சார் உள்ளே வந்தார். அவரிடம் தமிழிலும் சொன்னேன், அந்த அம்மா எதிரிலேயே. முருகேசன் போகவில்லை, பின்னால் கரக் ஆர்டர் கேட்டது, நான் என் காதால் கேட்டேன் என்று.

அவர் உடனே முருகேசனைத் திட்டவில்லை. என்னைத்தான் பார்த்தார். "இத ஏன்கா ஆபீஸ்லயே சொல்லல?"

நியாயமான கேள்வி. நான் என் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினேன்.

சுந்தர் சார் சோபா நுனியில் உட்கார்ந்தார். "நானும் முருகேசனக் குடைஞ்சு கேக்கலதான்" என்றார். பையன் பக்கம் திரும்பி, "நீ நாளைக்கு டூட்டிக்கு வா. ஊருக்கெல்லாம் போக வேண்டாம்" என்றார். இளவரசன் எழுந்து நின்று, கிண்ணத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். நூரா அதை வாங்கி, எப்படி ஆட்டிக் கொடுக்க வேண்டும் என்று சிரித்துக்கொண்டே காட்டிக்கொடுத்தாள்.

5. இரண்டு விசில்

சுந்தர் சார் அவர் காரில் போய்விட்டார். நாங்கள் வேனில். நான் இறங்க வேண்டியது குதைபியா. சாயங்கால டிராஃபிக்கில் வண்டி ஊர்ந்தது.

"தேங்க்ஸ்க்கா" என்றான் இளவரசன். "எனக்காக அரபில அவ்வளவு பேசினீங்க. முதல்லயே ஐவா ஐவான்னு சப்போர்ட் பண்ணினீங்க. அந்தம்மா மனசு அதுலதான் மாறிச்சு."

அந்த நன்றியை மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போக என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். அந்த அம்மா என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன், அதற்கு என்ன அர்த்தம், எல்லாவற்றையும்.

அவன் கண்ணாடிக்கு வெளியே ஊர்ந்துபோன ஒரு பஸ்ஸைப் பார்த்தான்.

"எங்கப்பா டவுன் பஸ் கண்டக்டர்க்கா."

"சொன்னதே இல்லையே தம்பி."

"எங்க காலேஜ் ஸ்டாப்புல அவரு நிறுத்தமாட்டாரு. ஆர்ட்ஸ் காலேஜ் பசங்க ஏறினா ஃபுட்போர்டுல தொங்குவானுங்க, கூரையில தட்டிப் பாட்டுப் பாடுவானுங்கன்னு, ரெண்டு விசில் அடிச்சுப் போலாம்னுருவாரு. ஒருநாள் நல்ல மழை. ஸ்டாப்புல நான் மட்டும்தான் நிக்கிறேன். அப்பா பஸ்ஸு வருது. படியில நின்னு என்னைப் பாக்குறாரு. பாத்துட்டு, ரெண்டு விசில்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, நடந்து போனேன். வீட்டுக்கு வந்து, பழக்கதோஷம்டான்னாரு." சிரித்தான். முதல் நாள் சிரித்த மாதிரி இல்லை, இந்தத் தடவை அவனே நிறுத்தினான். "அவரு பாத்துட்டே அடிச்சாரு. நீங்க தெரியாமதானக்கா சொன்னீங்க. விடுங்க."

குதைபியாவில் இறங்கினேன். வேன் போகிற வரைக்கும் நின்றேன்.

முருகேசனுக்கு வார்னிங் கொடுத்தார்கள். இளவரசன் இன்னும் என் பக்கத்து நாற்காலியில்தான் இருக்கிறான். இன்னும் நாலுக்கு ஒரு டிக்கெட்டில் கோட்டை விடுகிறான். வரலாறு என்று யாராவது கூப்பிட்டால் இப்போது நான் சிரிப்பதில்லை. அவன் சில சமயம் சிரிக்கிறான், அது அவன் இஷ்டம்.

டெஸ்க்குக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லித்தருகிற அரபி, மர்ரா தானியா. இன்னொரு தடவை சொல்லுங்க என்று அர்த்தம். காதில் விழுந்தது சரியாகப் புரியவில்லை என்றால் வெட்கப்படாமல் அதைக் கேளுங்கள், கஸ்டமர் கோபித்துக்கொண்டாலும் கேளுங்கள் என்பேன். பிள்ளைகள் அதை எழுதிக்கொள்வார்கள். டிக்கெட்டை க்ளோஸ் பண்ணும் முன் வீட்டுக்கு ஒரு போன் போடுங்கள் என்பேன். அதையும் எழுதிக்கொள்வார்கள்.

ஆனால் அன்றைக்கு நான் மர்ரா தானியா கேட்டு, அந்த அம்மா நிதானமாகத் திருப்பிச் சொல்லி, ஆதாப் என்றால் ஆர்ட்ஸ் காலேஜ்தான் என்று எனக்கு விளங்கியிருந்தாலும், ஆமாம் மாமா, அதனால்தான் இவன் இப்படி என்றுதான் தலையாட்டியிருப்பேன். கரக் ஆர்டர் கேட்ட காதோடுதான் தலையாட்டியிருப்பேன். எனக்குத் தெரியாமல் இருந்தது அந்த ஒரு அரபி வார்த்தை மட்டும்தான்.